காதல் நாவல்கள் பெண்களின் உறவுப் பார்வையைக் கெடுக்கின்றனவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்ப நாவல், காதல் நாவல் என்ற பெயர்களில் தமிழில் வெளிவரும் கதைகளை வாசிக்கும் பெண்களும், அவர்களைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோரும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறேன். நானும் இக்கதைகளை வாசித்து வளர்ந்தவள்தான். என் பெரியம்மா வீட்டு டிரங்குப் பெட்டியில், வார இதழ்களிலிருந்து கிழித்தெடுத்து, வாரவாரியாக அடுக்கி, பைண்டு செய்யப்பட்ட தொடர்கதைகள் இருந்தன. கோடை விடுமுறைகளில் நான் முதன்முதலாக முழுமையாகப் படித்த நாவல்கள் அவைதாம். எனவே இக்கதைகளின் மீது எனக்கு அன்பும் உண்டு, சில கதைகளின் மீது கடுமையான கோபமும் உண்டு. இரண்டையும் நான் மறைக்கப் போவதில்லை.

எவ்வகைக் கதைகளைப் பற்றி இங்கே பேசுகிறீர்கள்?

ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே காதல் முளைத்து, தடைகளைக் கடந்து, சுபமாக முடியும் கதைகளைப் பற்றி. ஆங்கிலத்தில் இவ்வகைக் கதைகளை ஒரு தொழிலாகவே வளர்த்தவை இரண்டு பதிப்பகங்கள். ஒன்று 1908இல் லண்டனில் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன். மற்றொன்று 1949இல் கனடாவில் தொடங்கி, 1971இல் முன்னதைத் தன்னோடு இணைத்துக்கொண்ட ஹார்லிக்வின். தமிழில் வார இதழ்த் தொடர்கதைகளும், பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களும், வாடகை நூலகங்களும் இதே வேலையைச் செய்தன. இன்று பெரும்பகுதி கைபேசிக்கு வந்துவிட்டது. எழுதுபவர் ஒவ்வோர் அத்தியாயமாகப் பதிவிடுகிறார். வாசகியர் அடுத்த ‘யூடி’ (‘அப்டேட்’, அதாவது அடுத்த அத்தியாயப் பதிவு) எப்போது வரும் என்று காத்திருக்கிறார்கள். முடிந்த கதை மின்னூலாகவோ அச்சு நூலாகவோ பிறகு வருகிறது.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: இக்கதைகள் தீங்கு செய்கின்றனவா, இல்லையா?

காதல் கதை வாசிப்பதே ஒரு பெண்ணின் உறவுப் பார்வையைக் கெடுத்துவிடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் இக்கதைகளுக்குள் வழங்கிவரும் ஒரு குறிப்பிட்ட கதையமைப்பு எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. ஆணின் கொடுமையை அவனுடைய மறைந்திருக்கும் காதலின் அடையாளமாகக் காட்டி, பெண்ணின் பொறுமைக்குப் பரிசாக அவனுடைய மனமாற்றத்தை வழங்கும் கதையமைப்பு அது. வாசகியைச் சுற்றியுள்ள வீடும் ஊரும் ஏற்கெனவே அதே பாடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, கதையும் அதை இனிப்பாக்கித் தருமானால், அந்தப் பாடத்தை எதிர்த்துக் கேட்கும் குரல் அவளுக்கு எங்கிருந்தும் வராமல் போகிறது. பின்வரும் விடைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கருத்தை விளக்குபவையே.

பெண்கள் நாவல் வாசிப்பதைப் பற்றிய இந்தக் கவலை புதியதா?

புதியதே அன்று. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நாவல் படிக்கும் இளம்பெண்கள் கனவுலகில் மிதந்து கடமை மறப்பார்கள் என்று சமயப் போதகர்கள் எச்சரித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் நாவல்கள் மலிந்தபோதும் இதே எச்சரிக்கை எழுந்தது. நாவல் வாசிப்பு பெண்களின் ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்று அன்றைய பத்திரிகைகளில் கட்டுரைகள் வந்தன. அக்காலத்தில்தான், சிறுவயதிலேயே மணம் முடித்துவைக்கப்பட்டு, பள்ளிக்கூடம் சென்று படிக்கும் வாய்ப்பே இல்லாதிருந்த வை.மு.கோதைநாயகி அம்மாள் எழுதத் தொடங்கி, 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தி, 115 நாவல்களை எழுதினார்.

இந்த வரலாற்றை நான் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெண்ணின் வாசிப்பைப் பற்றிய கவலையில் பாதி, அவள் கெட்டுப்போவாள் என்பதைப் பற்றியது. மறுபாதி, அவள் நம் சொல் கேட்காமல் போவாள் என்பதைப் பற்றியது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பேசத் தொடங்கினால், பெண்ணின் நலம் என்ற பெயரில் அவளுடைய தனிமையைப் பறிப்பதில்தான் போய் முடியும்.

இது பற்றி முறையான ஆய்வுகள் நடந்திருக்கின்றனவா?

நடந்திருக்கின்றன. அவற்றுள் இன்றுவரை அதிகமாகப் பேசப்படுவது அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட நூல். அவருக்கு முன் இக்கதைகளைப் பற்றி எழுதியோரில் பலர், கதைகளை மட்டும் படித்துவிட்டு, வாசகி இப்படித்தான் ஆகியிருப்பாள் என்று ஊகித்தார்கள். ராட்வே அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு நகருக்குச் சென்று, அங்கே ஒரு புத்தகக் கடையில் பணியாற்றிய பெண்ணின் ஆலோசனைப்படி காதல் நாவல்களை வாங்கிப் படித்துவந்த நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்களிடம் நேரில் பேசியும் வினாத்தாள் கொடுத்தும் விடை பெற்றார். ஊருக்கும் ஆட்களுக்கும் புனைபெயர் இட்டே எழுதினார்.

அந்தப் பெண்கள் சொன்னவற்றுள் முதன்மையானது கதையைப் பற்றியதே அன்று, நேரத்தைப் பற்றியது. பெரும்பாலும் மனைவியராகவும் தாய்மாராகவும் இருந்த அவர்கள், புத்தகத்தைக் கையில் எடுக்கும் அந்த ஒரு மணி நேரம் தங்களுக்கே உரியது என்றும், அப்போது யாருக்கும் பணிவிடை செய்ய வேண்டியதில்லை என்றும் சொன்னார்கள். சமையலை முடித்து, பாத்திரம் துலக்கி, எல்லோரும் படுத்த பிறகு அடுப்படி விளக்கின் கீழே புத்தகம் விரித்த பெண்களைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இது புரியும். அவர்களுக்குப் பிடிக்காத கதைகள் எவை என்று கேட்டபோதும் விடை தெளிவாக இருந்தது: பலாத்காரம் வரும் கதை, நாயகியை உடல்ரீதியாக வதைக்கும் கதை, துயரமாக முடியும் கதை. அறிவும் துணிவும் உள்ள நாயகியையும், அவளை மெல்ல மெல்ல உணர்ந்து நேசிக்கும் நாயகனையும் அவர்கள் தேடினார்கள். வாங்கும் முன்பே கடைசிப் பக்கங்களைப் புரட்டி, முடிவு சுபம்தானா என்று பார்த்துக்கொண்டவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

ஆயினும் ராட்வே அவர்களைக் கொண்டாடிவிட்டு நிறுத்தவில்லை. வாசிக்கும் செயலை இல்லக் கடமைகளுக்கு எதிரான சிறியதோர் எதிர்ப்பாகக் கண்ட அவர், கதையின் உள்ளடக்கம் அந்த எதிர்ப்பைத் தணித்துவிடுகிறது என்றும் எழுதினார். நாயகனின் முரட்டுத்தனத்துக்கும் அலட்சியத்துக்கும் பின்னால் அன்புதான் இருந்தது, நாயகிதான் அதைத் தவறாகப் புரிந்துகொண்டாள் என்று கதை முடியும்போது, தன் வீட்டு ஆணின் அலட்சியத்தையும் அப்படியே வாசித்துக்கொள்ள வாசகி பழகுகிறாள் என்பது அவருடைய ஐயம். நாற்பது ஆண்டுகள் கழித்தும், இவ்விரு பக்கங்களையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டு பேசியது அந்நூலின் பெருமை என்றே நான் கருதுகிறேன்.

காதல் நாவல்கள் பெண்களின் உடல்நலத்தைக் கெடுப்பதாக மருத்துவ இதழ் ஒன்று சொன்னதாமே?

2011 ஜூலையில், குடும்பக் கட்டுப்பாட்டு மருத்துவத்துக்கான பிரிட்டிஷ் இதழ் ஒன்றில், உறவு ஆலோசகரும் எழுத்தாளருமான சூசன் குவில்லியம் ஒரு கட்டுரை எழுதினார். ஆலோசனைக்கு வரும் பெண்கள் சிலரின் எதிர்பார்ப்புகளில் காதல் நாவல்களின் சாயல் தெரிகிறது என்பது அவர் வாதம். நாளிதழ்கள் இதை ‘ஆய்வு முடிவு’ என்ற தொனியில் வெளியிட்டன. உண்மையில் அது ஒருவருடைய கருத்துக் கட்டுரை; அதற்காகத் தனியே தரவுகள் திரட்டப்படவில்லை.

அக்கட்டுரை எடுத்துக்காட்டிய ஒரு செய்திக்கு ஆய்வுப் பின்புலம் உண்டு. டைக்மன் உள்ளிட்ட மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 78 காதல் நாவல்களைப் பரிசீலித்தபோது, ஏறத்தாழ பத்தில் ஒன்றில் மட்டுமே ஆணுறை பற்றிய பேச்சு வந்திருந்தது. காதல் நாவல்களை அதிகம் வாசித்த மாணவியரிடம் ஆணுறை குறித்து நல்லெண்ணம் குறைவாக இருந்ததையும் அவர்கள் கண்டார்கள். ஆனால் அதே ஆய்வின் இரண்டாம் பகுதி செய்தித்தாள்களில் அதிகம் வரவில்லை. அதில், பாதுகாப்பான உறவு இயல்பாக இடம்பெறும்படி எழுதப்பட்ட காதல் கதைகளை மாணவியருக்கு வாசிக்கக் கொடுத்தபோது, அவர்களுடைய மனப்பான்மை நல்ல திசையில் நகர்ந்தது. கதைக்கு மனத்தைத் தொடும் வலிமை உண்டு என்பதை ஒப்புக்கொண்டால், அந்த வலிமை நல்லதற்கும் பயன்படும் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆதிக்கம் செலுத்தும் நாயகனைக் கொண்ட நாவல்களைப் படித்த பெண்கள் வன்முறைக்கு ஆளாகிறார்கள் என்ற ஆய்வு உண்மையா?

நீங்கள் குறிப்பிடுவது 2014இல் ஏமி பொனோமியும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு. அப்போது உலகெங்கும் விற்றுக்கொண்டிருந்த ஓர் ஆங்கில நாவல் தொடரை முன்வைத்து, 18 முதல் 24 வயதுக்குட்பட்ட 655 பெண்களிடம் அது நடத்தப்பட்டது. முதல் நாவலையேனும் படித்திருந்த பெண்களிடையே, தம்மைத் திட்டிக் கத்தும் துணைவரையும் தம்மைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுக்கும் துணைவரையும் கொண்டிருந்தவர்கள், படிக்காதவர்களைவிட அதிகமாக இருந்தார்கள்.

இதை வைத்து ‘நாவல் படித்ததால் அடி வாங்கினார்கள்’ என்று சொல்ல முடியாது. எது முன்னே வந்தது என்பதை அவ்வாய்வு சொல்லவில்லை. ஆய்வாளர்களே அதை எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே அத்தகைய உறவில் சிக்கியிருந்த ஒருத்தி, தன் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளும் தவிப்பில் அந்தக் கதையைத் தேடிப் போயிருக்கக்கூடும். அல்லது கொடுமைக்காரன் கடைசியில் மாறிவிடுகிறான் என்ற ஆறுதலுக்காகவே அவள் அதைப் படித்திருக்கக்கூடும். நான் அறிந்த வாசகியரை வைத்துப் பார்த்தால், இந்தக் கடைசி விளக்கம்தான் என் மனத்தை அதிகம் வருத்துகிறது.

இந்திய வாசகியரைப் பற்றி ஏதேனும் தெரியுமா?

1990களில் ராதிகா பரமேஸ்வரன் ஹைதராபாத்தில், ஆங்கிலக் காதல் நாவல்களை வாசித்த கல்லூரி மாணவியரிடையே கள ஆய்வு செய்தார். வாடகை நூலகத்தில் எடுத்த புத்தகங்களைத் தோழியரிடையே சுற்றுக்கு விட்டு, வீட்டில் மறைத்து வைத்து அவர்கள் வாசித்தார்கள். ஆங்கிலம் வளர்கிறது என்பது வீட்டாருக்குச் சொல்லும் காரணமாக இருந்தது. உடலைப் பற்றியும் ஆசையைப் பற்றியும் வேறு எவரும் தங்களுக்குச் சொல்லித்தராத நிலையில், அப்புத்தகங்களே அவர்களுக்குப் பாடநூல்களாகவும் இருந்தன. ஜோதி பூரி 1997இல் வெளியிட்ட ஆய்வும் நடுத்தர வர்க்க இந்திய இளம்பெண்கள் இந்நாவல்களை வாசித்ததைப் பற்றியதே.

தமிழ்ப் புனைகதைகளைப் பொறுத்தவரை, அம்பை என்ற பெயரில் கதைகள் எழுதும் சி.எஸ்.லக்ஷ்மி, தமிழ் இலக்கியத்தில் பெண்கள் பற்றி 1984இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வு நூல், வெகுஜன இதழ்களில் எழுதிய பெண்களின் கதைகளையும் கூர்மையாக விமர்சித்தது. அந்த விமர்சனத்தின் கடுமையோடு நான் எல்லா இடங்களிலும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் பெண் எழுதுகிறாள் என்பதாலேயே கதை பெண்ணின் பக்கம் நின்றுவிடுவதில்லை என்ற உண்மையை எவரேனும் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

‘ஆன்டி ஹீரோ’ கதைகளில் அப்படி என்ன தவறு? அவை வெறும் பொழுதுபோக்குத்தானே?

இந்தக் கேள்வியில்தான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன். இணையத்தில் தமிழ்க் காதல் கதை வாசிப்பவர்களுக்கு இந்த வகை நன்கு தெரியும். நாயகன் செல்வந்தன், கோபக்காரன். நாயகியின் தந்தையோ அண்ணனோ செய்த ஏதோ ஒரு தவறுக்காக அவளைப் பழிவாங்கப் புறப்படுகிறான். அவள் விருப்பமில்லாமல் கழுத்தில் தாலி கட்டுகிறான். வீட்டுக்கு அழைத்துவந்து வார்த்தையால் குத்துகிறான், கன்னத்தில் அறைகிறான், சில கதைகளில் அவளைப் பலாத்காரமும் செய்கிறான். அதன் பிறகு அவளுக்குக் காய்ச்சல் வருகிறது. இரவெல்லாம் கண்விழித்து அவன் ஈரத்துணி வைக்கிறான். இருபதாம் அத்தியாயத்துக்கு மேல் அவனுடைய இளவயதுத் துயரம் தெரியவருகிறது. அவள் அழுகிறாள், மன்னிக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் குழந்தையோடு சிரிக்கிறார்கள்.

இதில் கெட்டவன் வருவது தவறன்று. கதைகளில் கெட்டவர்கள் வரத்தான் வேண்டும். அவன் திருந்துவதும் தவறன்று. தவறு எங்கே இருக்கிறதென்றால், அவன் செய்த கொடுமைக்கு எந்த விலையும் கொடுக்காமலேயே அவள் மன்னிப்பைப் பெறுவதிலும், அவளுடைய மன்னிப்பு அவளுடைய நற்குணத்துக்குச் சான்றாகப் போற்றப்படுவதிலும் இருக்கிறது. மன்னிக்க மறுக்கும் நாயகியைக் கதை பிடிவாதக்காரி என்கிறது. அவள் பக்கம் பேசும் தோழி, குடும்பத்தைப் பிரிக்க வந்தவள் ஆகிறாள். இப்படி ஒரு கதை வந்தால் அது கதை. இதே அமைப்பு நூறு கதைகளில் திரும்பத் திரும்ப வந்தால், அது ஒரு பழமொழியின் அதிகாரத்தைப் பெற்றுவிடுகிறது.

நம் இலக்கண மரபு இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒத்த அன்பால் நிகழ்வதை ஐந்திணை என்றும், ஒருவர் மட்டும் விரும்புவதைக் கைக்கிளை என்றும், பொருந்தாததைப் பெருந்திணை என்றும் தொல்காப்பிய மரபு பிரிக்கிறது. அகத்திணையியல், பெருந்திணைக் குறிப்பு என்று எண்ணும் நான்கனுள் ‘மிக்க காமத்து மிடல்’ என்பதும் ஒன்று. மிடல் என்றால் வலிமை. ஆசை மிகுந்து வலிமையாக மாறும்போது அதற்கு அன்பின் ஐந்திணையில் இடமில்லை என்று வகுத்த மொழியில், கட்டாயத் தாலியைக் காதல் என்று அழைக்கும் கதைகள் ஆயிரக்கணக்கான பார்வைகளைப் பெறுவதைக் காணும்போது எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

கதை வேறு, வாழ்க்கை வேறு என்பது வாசகிக்குத் தெரியாதா?

தெரியும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வாசகியை முட்டாளாக்கிப் பேசும் கட்டுரைகளை நான் நிறையப் படித்துவிட்டேன். அத்தியாயங்களின் கீழே வரும் கருத்துகளைப் பார்த்தாலே போதும். ‘இவனை அவ்வளவு சீக்கிரம் மன்னித்துவிடாதீர்கள்’ என்று எழுத்தாளரிடம் சண்டை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ‘அவள் வேலைக்குப் போகட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று கதையின் போக்கையே திருப்ப முயல்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் தெரிந்திருப்பது ஒன்று, பழகிப்போவது மற்றொன்று. நாயகனைப் போன்ற ஒருவன் நிஜத்தில் கிடைக்கமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். பொறுமையாக இருந்தால் ஆண் மாறுவான் என்பதை அவள் கதையில் கற்றதாக நினைப்பதில்லை. அதை அம்மாவும் அத்தையும் மாமியாரும் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள். 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வில், ஏதேனும் ஒரு காரணத்துக்காகக் கணவன் மனைவியை அடிப்பது நியாயமே என்று இந்தியப் பெண்களில் 45 சதவீதத்தினர் கூறியிருக்கிறார்கள். அதே ஆய்வின்படி தமிழ்நாட்டில், மணமான பெண்களுள் 38 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். இவர்களுள் பெரும்பாலோர் எந்தக் காதல் நாவலையும் படித்து இந்த நிலைக்கு வந்தவர்களாக இருக்க முடியாது. ஆகவே நாவலை முதல் குற்றவாளியாக நிறுத்துவது, வீட்டைத் தப்பவிடுவதாகும். நாவல் செய்வது, வீடு சொன்னதற்குப் பின்பாட்டுப் பாடுவது.

நாவல் படிக்கும் பெண்களுக்குக் கணவர் மீது அதிருப்தி வந்துவிடும் என்கிறார்களே?

வரலாம். அது எப்போதும் தீமையா என்று நான் திருப்பிக் கேட்கிறேன். 2011-12இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில், தம் கணவரைத் தாமே முழுமையாகத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்ன பெண்கள் ஏறத்தாழ 5 சதவீதத்தினரே. தன் விருப்பம் கேட்கப்படாமல் மணமேடை ஏறிய ஒரு பெண், ‘உனக்கு என்ன பிடிக்கும்?’ என்று கேட்கும் ஓர் ஆணைக் கதையில் சந்தித்து ஏங்குகிறாள் என்றால், அந்த ஏக்கத்தை நோய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் எதிர்பார்ப்பது வைர மோதிரமோ வெளிநாட்டுப் பயணமோ ஆகாமல், உடம்பு சரியில்லாத நாளில் ஒரு தம்ளர் கஞ்சியாக இருக்கும்போது, அந்த எதிர்பார்ப்பை நாவல் அவளுக்குக் கொடுத்திருந்தால் நாவலுக்கு நன்றி சொல்வேன்.

கேட்காமலேயே மனத்தைப் படித்துவிடுபவன்தான் உண்மையான காதலன் என்ற எண்ணம் மட்டும் தொல்லையானது. வாய்விட்டுக் கேட்டால் கிடைத்திருக்கக்கூடிய பலவற்றை, கேளாமல் காத்திருந்தே இழந்துவிடச் செய்வது அது.

ஆண்கள் பார்ப்பதையும் படிப்பதையும் பற்றி ஏன் இப்படி யாரும் கேட்பதில்லை?

கேட்க வேண்டும். விருப்பமில்லை என்று சொன்ன பெண்ணின் பின்னாலேயே சென்று, பாடி, மிரட்டி, கடைசியில் அவளைச் சம்மதிக்கவைக்கும் திரைநாயகர்களைப் பார்த்து வளர்ந்த ஆண்களின் உறவுப் பார்வையைப் பற்றி இதில் பாதியளவேனும் கவலைப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பின்தொடர்தல் இன்று, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின் கீழ் குற்றம். முதல் முறைக்கே 3 ஆண்டுகள் வரை சிறை உண்டு.

கட்டாயமாகத் தாலி கட்டினால் அது கல்யாணம் ஆகிவிடுமா?

கதைகளில் ஆகிவிடுகிறது. ‘தாலி ஏறிவிட்டதே’ என்ற ஒரே காரணத்தால் நாயகி அவனோடு புறப்பட்டுவிடுகிறாள். பல இளம் வாசகியர் இதைச் சட்டம் என்றே நம்புவதால், உண்மை நிலையைச் சொல்கிறேன்.

இந்துத் திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, வற்புறுத்திச் சம்மதம் பெற்று நடந்த திருமணத்தை நீதிமன்றம் ரத்துசெய்ய முடியும். வற்புறுத்தல் நீங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். அதன் பிறகு அவள் தன் முழு விருப்பத்தோடு அவனுடன் வாழ்ந்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1967இல் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவின் கீழ் நடக்கும் சுயமரியாதைத் திருமணத்தில், தாலியோ மாலையோ மோதிரமோ எதுவாயினும், இருவரும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதே அடிப்படை. ஒரு பெண்ணைக் கட்டாயத் திருமணத்துக்காகக் கடத்திச் செல்வது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 87ஆம் பிரிவின்படி 10 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

மணவாழ்வுக்குள் நடக்கும் பலாத்காரத்தைப் பொறுத்தவரை சட்டம் இன்னும் குறையுடையதாகவே இருக்கிறது. 18 வயது நிறைந்த மனைவியிடம் கணவன் நடந்துகொள்வதை வன்புணர்வு என்று கருதாத விதிவிலக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது. எனினும் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், மனைவிக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமையையும் குடும்ப வன்முறையாகவே வகைப்படுத்துகிறது.

என் மகள் கைபேசியில் இக்கதைகளைத்தான் வாசிக்கிறாள். தடுக்க வேண்டுமா?

தடுத்தால் மறைத்து வாசிப்பாள். மறைத்து வாசிப்பதைப் பற்றி உங்களோடு பேசமாட்டாள். அவளுக்குக் கதையைவிட ஆபத்தானது அந்த மௌனம். பள்ளி வயதுப் பிள்ளையின் கைக்குப் பெரியவர்களுக்கான கதைகள் வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை. அதை வெளிப்படையாகச் சொல்லியே செய்யுங்கள். அதற்கு மேற்பட்ட வயதென்றால், அவள் படிப்பதில் ஒன்றை நீங்களும் முழுவதுமாகப் படித்துப் பாருங்கள். பிறகு, ‘இப்படி அறைந்தவனை நீயாக இருந்தால் என்ன செய்வாய்?’ என்று கேளுங்கள். விடையைத் திருத்த அவசரப்படாதீர்கள். என் பெரியம்மா என்னிடம் ஒரே ஒருமுறைதான் அப்படிக் கேட்டார், முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே. நான் என்ன சொன்னேன் என்பது நினைவில் இல்லை. அவர் கேட்டது மட்டும் இன்றுவரை நினைவில் இருக்கிறது.

எழுதுபவர்களிடம் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன?

போதனையை எதிர்பார்க்கவில்லை. கோபக்கார நாயகனை எழுதுங்கள். அவன் செய்ததற்கு அவன் விலை கொடுக்கட்டும். நாயகி அவனை விட்டுப் போகும் அத்தியாயத்தை, அவன் திரும்பி வரும் அத்தியாயத்துக்குக் கொடுத்த அதே அக்கறையோடு எழுதுங்கள். சம்மதம் கேட்பது காதலின் சூட்டைத் தணித்துவிடும் என்ற அச்சம் வேண்டாம், ‘உனக்குச் சம்மதமா?’ என்று கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருக்கும் ஓர் ஆணைவிட மனத்தை ஈர்க்கும் காட்சி எது? அந்த 2000ஆம் ஆண்டு ஆய்வின் இரண்டாம் பகுதி உங்களுக்காகவே நடத்தப்பட்டது போலிருக்கிறது.

கதையில் வருவதுபோலவே என் வீட்டிலும் நடக்கிறது. நான் என்ன செய்வது?

கதையில் இருபது அத்தியாயங்களுக்குள் அவன் மாறுகிறான், ஏனென்றால் எழுதுபவர் அப்படித் தீர்மானித்திருக்கிறார். உங்கள் வீட்டில் அப்படித் தீர்மானிக்க எவரும் இல்லை. ஆகவே காத்திருக்காமல் யாரிடமேனும் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி மையத்தை அழைக்கலாம். மாவட்டச் சமூகநல அலுவலகத்தின் வழியாகக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழுள்ள பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். மனு எழுதவும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவும் அவர் உதவ வேண்டும்.

நாவல்களில் அடிபட்ட நாயகி நள்ளிரவில் ஒரு பையோடு, போக இடமின்றி, மழையில் தெருவில் நிற்பாள். நிஜத்தில் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும், கணவரோடு வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமையைப் பெண்ணுக்கு வழங்குகிறது. தேவையானால் 19ஆம் பிரிவின் கீழ், கணவரை அந்த வீட்டைவிட்டு வெளியேறும்படி நீதித்துறை நடுவர் ஆணையிடவும் முடியும்.